பக்கத்து நாற்காலிக்காரரின் வெள்ளையணுக்கள்

எனக்கு வந்த புற்றுநோயைப் பற்றிச் சொல்வதற்கு முன் செந்திலுக்கு வந்த புற்றுநோயைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இரண்டில் அதுதான் நல்லது.

இரண்டும் ஒரே இடத்தில்தான் வந்தன. மலக்குடல். நெஞ்சில் வந்தது, மூளையில் வந்தது என்றால் கேட்பவர் முகத்தில் ஒரு மரியாதை தெரியும். எங்களுக்கு வந்த இடத்தைச் சொன்னால் கேட்பவர் செருமிக்கொண்டு கூரையைப் பார்க்கிறார்.

மாதக்கணக்கில் ரத்தம் போனது. நான் அதை மூலம் என்று முடிவு கட்டியிருந்தேன். பெங்களூர் பீன்யாவில் பம்பு உதிரிபாகங்கள் செய்யும் கம்பெனியில் நான் தரப் பரிசோதகன். ஒரு வளையத்தின் விட்டம் தலைமுடியளவு பிசகினாலும் பெட்டியோடு திருப்பி அனுப்புகிறவன். என் உடம்பிலிருந்து சிவப்பாக வந்ததை மட்டும் "பரவாயில்லை, பாஸ்" என்று விட்டுக்கொண்டிருந்தேன். கேன்டீனில் ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள். நான் தின்ற கருணைக்கிழங்கு மசியலால் எங்கள் வீடு இருக்கும் அடுகோடிப் பக்கம் கிழங்கு விலை ஏறியிருக்கும். கடைசியில் என் மனைவி கலா ஒருநாள் கழிவறைக் கதவுக்கு வெளியே நின்றுகொண்டு, "நீங்களா ஆஸ்பத்திரிக்கு வர்றீங்களா, இல்ல உங்க தங்கச்சிய கூப்ட்டு அழ உடட்டுமா?" என்றாள். என் தங்கை அழுதால் நாலு தெருவுக்குக் கேட்கும். கிளம்பிவிட்டேன்.

இதைப் படிக்கிறவர்கள் யாருக்காவது ரத்தம் போனால் தயவுசெய்து கிழங்கு வாங்கப் போகாதீர்கள். டாக்டரிடம் போங்கள். இந்தக் கட்டுரையில் உருப்படியான ஒரே வரி இதுதான்.

பெருங்குடலுக்குள் கேமரா வைத்த குழாயை விட்டுப் பார்க்கும் சோதனைக்கு ஸ்கோப் என்று பெயர். முந்தைய நாள் முழுக்க ஒரு கரைசலைக் குடித்து உள்ளே இருப்பதையெல்லாம் வெளியேற்ற வேண்டும். மறுநாள் மயக்கம் தெளிந்தபோது பக்கத்துக் கட்டிலில் ஒருவர் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார். முப்பத்தொன்பது வயது. ஈரோட்டுக்காரர், வைட்ஃபீல்டில் சாஃப்ட்வேர் கம்பெனி. காலையில் ஏரியைச் சுற்றி ஓடுகிற வகை. இரண்டு பேருக்கும் முதுகுப்பக்கம் திறந்திருக்கும் அதே பச்சை அங்கிதான் கொடுத்திருந்தார்கள். அவர் போட்டிருந்தால் ஏதோ கல்யாண வீட்டுக்குத் தைத்தது மாதிரி இருந்தது. நான் போட்டிருந்தால் காற்றில் சரிந்த பந்தல்.

"என்னங்ணா, உங்களுக்கும் கட்டிதானுங்களா?" என்று கேட்டார்.

"ஆமா தம்பி."

"நமக்கும் அதேதானுங்ணா" என்று சொல்லி ஒரு பிஸ்கட் நீட்டினார். இப்படித்தான் செந்தில் எனக்கு அறிமுகம். பொறாமை அங்கி விஷயத்திலேயே தொடங்கிவிட்டது. பிஸ்கட் அதைத் தடுக்கவில்லை.

அடுத்த வாரம் சர்ஜன் ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். மைசூர்க்காரர், தமிழ் நன்றாகவே பேசுவார், 'பாருங்க' மட்டும் கன்னடத்தில் 'நோடி' என்று வரும். மலத்தை அடக்கிப் பிடிக்கும் வளையத் தசைக்கு ஒட்டினாற்போல் என் கட்டி இருந்தது.

"நோடி சேகர், மொதல்ல கதிர்வீச்சு, அப்புறம் கீமோ. கட்டி நல்லா சுருங்கிச்சுன்னா தசைய காப்பாத்திடுவேன். கொஞ்ச நாள் வயித்துல பை இருக்கும், அப்புறம் எடுத்துடலாம். சுருங்கலன்னா தசையும் சேர்த்து எடுக்கணும்."

"அப்போ பை எவ்ளோ நாளைக்கு சார்?"

"லைஃப் லாங்."

குடலின் முனையை வயிற்றுத் தோலில் ஒரு துளை வழியாக வெளியே கொண்டுவந்து, அதன் மேல் பையை ஒட்டிவிடுவார்கள். தற்காலிகப் பை என்றால் வலது பக்கம், நிரந்தரம் என்றால் இடது பக்கம். அன்றிலிருந்து எனக்கு ஒரே ஒரு வேண்டுதல்தான். உயிரைக்கூட அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் போலிருந்தது. சாமி, வலது பக்கம்.

நம் ஊர் மருத்துவமனைக் காத்திருப்பு அறையில் ஒரு வழக்கம் உண்டு. டாக்டர் கூப்பிடும் வரை ஒருவர் ஃபைலை இன்னொருவர் வாங்கிப் படிப்பது. யாரும் கூச்சப்படுவதில்லை, கல்யாண ஆல்பம் பார்ப்பது போல நிதானமாகப் புரட்டுவார்கள். நானும் செந்திலும் அப்படித்தான் மாற்றிக்கொண்டோம். பாதிப் பக்கங்கள் ஒரே மாதிரி. ஒரு வரி மட்டும் வேறு. பழுதுபார்க்கும் புரதங்கள் நான்கும் 'உள்ளன' என்று எனக்குப் போட்டிருந்தது. செந்திலுக்கு இரண்டு 'இல்லை'. எனக்கு உள்ளூர சந்தோஷம். நான்கும் இருக்கிற நான் பாஸ், அவர் ஃபெயில்.

உள்ளே போன பிறகுதான் அது தலைகீழ் என்று தெரிந்தது.

மருந்து கொடுக்கும் டாக்டர் விளக்கியதை எனக்குப் புரிந்த மட்டில் சொல்கிறேன். ஒவ்வொரு அணுவும் இரண்டாகப் பிரியும்போது தன் மரபுக் குறிப்பை நகல் எடுக்கிறது. நகலில் பிழை வந்தால் திருத்துவதற்கு அந்த நான்கு புரதங்கள். செந்திலின் கட்டியில் திருத்துகிற ஆள் இல்லாததால் பிழை மேல் பிழை. அதனால் கட்டியின் முகம் விகாரமாகிவிடுகிறது. ரோந்து சுற்றும் வெள்ளையணுக்கள், அதாவது டி செல்கள், அதைப் பார்த்ததும் 'இவன் நம்ம ஆள் இல்லை' என்று கும்பலாக உள்ளே புகுந்துவிடுகின்றன. ஆனால் கட்டி அவற்றின் பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொள்கிறது. அந்த பிரேக்கை விடுவிக்க ஓர் ஊசி உண்டு. விடுவித்தால் போதும், மிச்சத்தை அவருடைய சொந்த அணுக்களே பார்த்துக்கொள்ளும். கதிர்வீச்சு வேண்டாம், கீமோ வேண்டாம், பல பேருக்குக் கத்திகூட வேண்டாம்.

"எனக்கும் அந்த ஊசியே போடுங்க சார்."

"உங்க கட்டில திருத்தற வேலை கரெக்டா நடக்குது. பிழை கம்மி. அதனால வெள்ளையணுக்களுக்கு அது அந்நியமா தெரியல. உங்களுக்கு இந்த ஊசி வேலை செய்யாது."

ஆக, இருபத்திரண்டு வருடம் தரப் பரிசோதனை பார்த்தவனுக்கு, அவன் கட்டியிலும் தரப் பரிசோதனை சிறப்பாக நடந்திருக்கிறது. ஒரு பீஸ்கூட ரிஜெக்ட் இல்லை. கம்பெனியில் இதற்கு விருது கொடுப்பார்கள்.

ஊசி, மருந்து ஏற்றுவதற்கென்று ஒரு பெரிய அறை. வரிசையாகச் சாய்வு நாற்காலிகள். விதி எனக்கும் செந்திலுக்கும் பல முறை பக்கத்துப் பக்கத்து நாற்காலி கொடுத்தது. அவர் மடிக்கணினியோடு வருவார். மீட்டிங்கில் யாரையோ அதட்டுவார். மீட்டிங் முடிவதற்குள் ஊசி முடிந்துவிடும். "வரட்டுங்களாண்ணா" என்று எழுந்து, வண்டியைத் தானே ஓட்டிக்கொண்டு போய்விடுவார். நான் மதியம் தாண்டியும் அங்கேயே, வாயில் இரும்புச் சுவையோடு, சொட்டுகளை எண்ணிக்கொண்டிருப்பேன். அந்த ஊசியின் விலையைக் கேள்விப்பட்ட அன்று மட்டும் என் பொறாமை கொஞ்ச நேரம் உட்கார்ந்து தண்ணீர் குடித்தது. ஊசிக்காக அவர் ஈரோட்டில் வாங்கிப் போட்டிருந்த மனையை விற்றிருந்தார். பிறகு பொறாமை மறுபடி எழுந்து நின்றது.

எனக்கு ஏற்றிய மருந்தில் ஒரு விசித்திரம். குளிர்ச்சி ஆகாது. குழாய்த் தண்ணீரைத் தொட்டால் விரலில் ஊசி குத்தும். ஜில்லென்று ஒரு வாய் குடித்தால் தொண்டை பூட்டிக்கொண்டது போலிருக்கும். பெங்களூரின் டிசம்பரில் இப்படி ஒரு மருந்து. என் மகள் ரம்யா ஒருநாள் கல்லூரிக்குப் போகாமல் உட்கார்ந்து, வீட்டிலிருந்த தாழ்ப்பாள், கேட், கைப்பிடி எல்லாவற்றுக்கும் பழைய சாக்ஸ் மாட்டிவிட்டாள். வீடு முழுக்கக் கால் முளைத்த மாதிரி இருந்தது. கலா ஃபிரிட்ஜைத் தொடவே விடமாட்டாள். நான் சமையலறைப் பக்கம் போனால் ஓடிவந்து குறுக்கே நிற்பாள். திருடனைப் பிடிப்பது மாதிரி. அந்த நாட்களில்தான் செந்தில், ஊசி போட்டுக்கொண்டு கேன்டீன் வாசலில் நின்று குச்சி ஐஸ் சாப்பிடுவதைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். கொலை செய்கிறவர்களுக்கு அந்தக் கணத்தில் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது.

இருவருக்கும் ஒரே நாளில், ஒரே அறையில் ஸ்கோப். கட்டியிலிருந்து சோதனைக்குக் கிள்ளியெடுத்த துணுக்குகள் ஒரே மேஜையில் இரண்டு புட்டிகளில். கம்பெனியில் ஒரே மாதிரி இரண்டு லாட் ஒரே மேஜைக்கு வந்தால் சீட்டு மாறாமல் இருப்பதுதான் அதிசயம். எத்தனை முறை நானே கண்டுபிடித்திருக்கிறேன். அப்படியென்றால் அந்த வெள்ளையணுக்கள் கும்பலாகப் புகுந்த துணுக்கு என்னுடையது. ஊசி என்னுடையது. குச்சி ஐஸ் என்னுடையது.

கலாவிடம் சொன்னேன். அவள் இட்லியைத் தட்டில் வைத்துவிட்டுக் கேட்டாள்.

"அப்போ அந்தப் புள்ளைக்கு?"

"எந்தப் புள்ள?"

"செந்திலுக்கு. மாறியிருந்தா உங்களுது அவருக்குன்னு ஆவுதில்ல?"

"அவரு ஐடிப்பா. சமாளிச்சுப்பாரு."

"நல்லாயிருக்கு உங்க நியாயம்" என்று சொல்லி, சட்னியை என் பக்கம் வைக்காமல் எழுந்துபோய்விட்டாள்.

மருந்து டாக்டரிடமும் போய், சீட்டு மாறியிருக்குமோ என்று கேட்டேன். அவர் கோபிக்கவில்லை. நல்லவேளையாகக் கதிர்வீச்சுக்கு முன் மறுபடி குழாய் விட்டபோது இன்னொரு துணுக்கு எடுத்திருந்தார்கள். அன்று செந்தில் ஆஸ்பத்திரிப் பக்கமே வரவில்லை. அதைச் சோதித்தால் தெரிந்துவிடும் என்று என்னைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பினார். அங்கே திசுக்களைப் பார்த்துச் சொல்லும் டாக்டர் அம்மா மதுரைக்காரர். முடிவு வந்த அன்று, "வாங்க, உங்க கண்ணாலயே பாத்துட்டுப் போங்க" என்று மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார வைத்தார்.

"பழுப்பா தெரியுதுல்ல? பழுப்பா இருந்தா புரதம் இருக்குன்னு அர்த்தம். நாலுமே இருக்கு. மாறல."

எனக்கு அழுகை வந்தது. அதை மறைக்க இன்னும் குனிந்து பார்த்தேன்.

"கண்ணாடித் தட்ட மாத்துறேன், இதையும் பாருங்க. இந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் கட்டி. இந்தப் பக்கம் நீலப் பொட்டு வச்ச மாதிரி இருக்குல்ல, அதுதான் உங்க டி செல்லு."

"வெளியவே நிக்குதே டாக்டர்?"

"உள்ள போகல. அதுக்கு உங்க கட்டி வீட்டு ஆளு மாதிரி தெரியுது."

"இது யாரு, குண்டா?"

"மேக்ரோஃபேஜ். கண்டதையும் தின்னு சுத்தம் பண்ண வேண்டிய அணு."

"பெருந்தீனிக்காரன்."

"ஆமா. ஆனா கட்டிக்குள்ள போனதும் வேலைய மாத்திக்கிருச்சு. கட்டிக்கு ரத்தக்குழாய் வளர ஒத்தாசை பண்ணுது. டி செல்லு யாராச்சும் எட்டிப் பாத்தா, ஒண்ணுமில்ல போங்கன்னு அமத்தி விட்டுருது."

"மாமூல் வாங்கிட்டாரு."

அந்த அம்மா சிரித்தார். "எல்லா அணுவும் நமக்குக் காவல்னு நெனப்போம். இருக்குற இடத்தப் பொறுத்து அதுவே மாறிப்போகும். கதிர்வீச்சுல கட்டியோட அணு செதறும்போது சில பேருக்கு இந்த டி செல்லு உசாராகி உள்ள வர்றதும் உண்டு. பாப்போம்."

என் சொந்த அணுக்கள், என் சோற்றைத் தின்று, என் கட்டிக்குச் சேவகம் செய்கின்றன. செந்திலின் அணுக்களோ ஏரியைச் சுற்றி ஓடிப் பழகியவை. வேறு எப்படி எடுத்துக்கொள்வது?

மாதங்கள் போயின. செந்திலுக்கு ஸ்கோப் பார்த்தார்கள். கட்டி இருந்த இடத்தில் வெளுத்த தழும்பு மட்டும்தான் மிச்சம். அறுவை வேண்டாம், அடிக்கடி வந்து காட்டினால் போதும் என்றார்கள். எனக்கும் படம் எடுத்தார்கள். கட்டி சுருங்கியிருந்தது. ஆனால் தசையை விட்டு விலகவில்லை.

"திறந்து பாத்துதான் சொல்ல முடியும், சேகர்" என்றார் சர்ஜன்.

அறுவைக்கு முந்தைய மாலை ஒரு நர்ஸ் வந்து, என்னை உட்கார வைத்து, நிற்க வைத்து, குனிய வைத்து, தொப்பை எங்கெங்கே மடிகிறது என்று பார்த்து, வயிற்றில் வலது பக்கம் ஒன்று, இடது பக்கம் ஒன்று என்று மார்க்கரால் இரண்டு புள்ளி வைத்தார். எந்தப் பக்கம் வந்தாலும் தயாராக இருக்க வேண்டுமாம். கலா வலது புள்ளியை மட்டும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ரம்யா, "அம்மா, அது மார்க்கர், மூஞ்சில ஒட்டும்" என்றாள். ஒட்டியது. கண்ணுக்குக் கீழே நீலப் பொட்டோடுதான் கலா என்னை அறுவை அரங்க வாசல் வரை கொண்டுவந்து விட்டாள்.

மயக்கம் தெளிந்ததும் முதல் வேலையாகக் கையை வயிற்றுக்குக் கொண்டுபோனேன். வலது பக்கம் வெறும் தோல்.

கையை அங்கேயே வைத்திருந்தேன். இடது பக்கம் போக மனம் வரவில்லை. கலா என் கையைப் பிடித்து, மெதுவாக நகர்த்தி, அவளே பையின் மேல் வைத்தாள். "இங்க இருக்குங்க" என்றாள். சமையலறையில் உப்பு டப்பா எங்கே என்று சொல்வது மாதிரி.

அடுத்த சில நாட்கள் நான் ஜோக் எதுவும் சொல்லவில்லை. வார்டு ஆயாவே கவலைப்பட்டு, "ஏன் சார், சுஸ்தா? சோர்வா இருக்கா?" என்று கேட்டுவிட்டுப் போனார். ஒரு மதியம் மதுரை டாக்டர் அம்மா வார்டுக்கு வந்தார். எடுத்த பகுதியைச் சோதித்ததில் நெறிக்கட்டிகள் எதிலும் நோய் இல்லை, வெட்டிய ஓரங்களும் சுத்தம். "இன்னொண்ணு, உங்காளுங்க உள்ள போயிருக்காங்க. டி செல்லு. கொஞ்சம்தான். ஆனா போயிருக்காங்க."

"எல்லாம் முடிஞ்சப்புறமா?"

"முடியறதுக்குக் கொஞ்சம் முன்னாடின்னு வச்சுக்கங்களேன்."

பெங்களூர் டிராஃபிக்கில் மாட்டியிருப்பார்கள். எனக்கு அவர்கள் மேல் கொஞ்சம் பாசம்கூட வந்தது.

செந்தில் பழங்களோடு பார்க்க வந்தார். எல்லாம் முழுசாக இருக்கிற, சொந்தக் காலில் மாடி ஏறி வந்த செந்தில். என் பொறாமை அன்றைக்கு உச்சத்தில் இருந்தது. ஆனால் அந்த மனுஷன் முகத்தில் ஜெயித்த களை இல்லை.

"எனக்கு அந்தப் புரதம் ஏன் இல்லைன்னு ரத்தம் எடுத்துப் பாத்தாங்கண்ணா. பொறப்புலயே ஜீன்ல இருக்குதாமா. எங்கப்பா நாப்பத்தி நாலுல போனது இதேதானாட்ட இருக்குது. எங்க அத்தைக்குக் கர்ப்பப்பைல வந்ததும் அதனாலதானாமா. தங்கச்சிக்கும் பாத்தாங்க. அவளுக்கும் இருக்குதுங்ணா."

தங்கை தீபா ஈரோட்டில் பள்ளிக்கூட டீச்சர். அவளுக்கு இங்கேயே ஸ்கோப் பார்க்க ஏற்பாடு செய்திருந்தார். "நீங்க வர்றீங்களாண்ணா? நீங்க இருந்தா கொஞ்சம் சிரிச்சுட்டு இருக்கலாம்" என்றார். கல்யாணத்துக்கு நாதஸ்வரம் ஏற்பாடு செய்வது போல ஒருவர் ஸ்கோப்புக்கு என்னைக் கூப்பிட்டது, என் வாழ்க்கையில் கிடைத்த பெரிய கௌரவங்களில் ஒன்று.

வீடு திரும்பி, பையோடு நடமாடப் பழகிய பிறகு அந்த நாள் வந்தது. அதே ஸ்கோப் அறைக்கு வெளியே, அதே இரும்பு நாற்காலிகள். தீபாவை உள்ளே அழைத்துப் போய்விட்டார்கள். எனக்குத் தெரிந்த ஜோக்கையெல்லாம் சொல்லிப் பார்த்தேன். செந்தில் மரியாதைக்கு உதட்டை அசைத்தார். பிறகு கதவையே பார்த்துக்கொண்டு சொன்னார்.

"உங்களப் பாத்தா பொறாமையா இருக்குதுங்ணா."

நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை.

"என்னையா?"

"உங்களுது உங்களோட நின்னுக்கும். ரம்யாவுக்கு நாப்பது வயசு வந்தா ஒருவாட்டி பாத்துக்கச் சொன்னாங்க, அவ்வளவுதானுங்களே? எம்பாப்பாவுக்குப் பதினொண்ணுங்ணா. பையனுக்கு ஏழு. பெரியவங்களாகற வரைக்கும் டெஸ்ட்டே எடுக்க மாட்டாங்களாமா. அது வரைக்கும் எந்நேரமும் இதே நெனப்புதான். அவ வயித்து வலின்னு சொன்னா, சாப்ட்டது சேரலையா, இல்ல நான் குடுத்ததான்னு பாத்துட்டே இருக்கோணும். அந்தப் பையை எனக்குக் குடுத்துட்டு இந்த ஜீன எடுத்துக்கறதா இருந்தா, நான் இப்பவே வாங்கிக்குவனுங்ணா."

நாற்பத்தெட்டு வயதில் முதல் முறையாக ஒருவர் என்னைப் பார்த்துப் பொறாமைப்படுகிறார். எத்தனை வருடமாகக் காத்திருந்தேன். வந்த அன்று அதை வைத்துக்கொள்ள இடம் இல்லாமல் விழித்தேன். அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன்.

அப்போது என் பை பேசியது.

பை வைத்தவர்களுக்குத் தெரியும். அடக்குகிற தசை இல்லை. காற்று தனக்குத் தோன்றியபோது வெளியேறும். அன்றைக்குத் தோன்றியது நீளமாக, ஏற்ற இறக்கத்தோடு, கடைசியில் ஒரு கேள்விக்குறி போல முடிந்தது. எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்த அம்மா தன் கைக்குழந்தையைச் சந்தேகமாகப் பார்த்தார்.

செந்தில் மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"நீங்களாண்ணா?"

"நான் இல்லப்பா. அது இனிமே தனி ஆளு."

"இதையும் சேர்த்து வாங்கிக்கோணுமாங்ணா?"

"தனியா குடுக்க மாட்டாங்க. செட்டாதான்."

முதலில் அவர் தோள் குலுங்கியது. பிறகு என்னுடையது. தையல் இழுக்கும் என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அவர் முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டார். அதில் எவ்வளவு சிரிப்பு, எவ்வளவு அழுகை என்று நான் பிரித்துப் பார்க்கவில்லை.

கதவைத் திறந்து வந்த டாக்டர் எங்கள் இருவர் கண்ணிலும் தண்ணீரைப் பார்த்துப் பதறிவிட்டார். "ஐயோ, அழ வேண்டாம். ரெண்டு சின்ன முளை இருந்துது, எடுத்தாச்சு. பார்த்தா கெட்டதா தெரியல. டெஸ்டுக்கு அனுப்பறோம். வருஷா வருஷம் வந்து காட்டணும், மறக்கக்கூடாது." செந்தில் தலையை ஆட்டிக்கொண்டே உள்ளே ஓடினார்.

நான் கழிவறைக்குப் போய்ப் பையைக் காலி செய்துவிட்டுக் கலாவுக்குப் போன் செய்தேன்.

"தீபாவுக்கு இன்னா ஆச்சு?" என்றாள் எடுத்ததும்.

"நல்லபடியா முடிஞ்சுது. கலா, செந்தில் என்னைப் பாத்தா பொறாமையா இருக்குன்றாரு."

ரம்யாவைப் பற்றியும் தன் குழந்தைகளைப் பற்றியும் அவர் சொன்னதைச் சொன்னேன். அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"அதுக்கு நீங்க இன்னா சொன்னீங்க?"

"நான் எங்க சொன்னேன்? என் வயிறுதான் பதில் சொல்லுச்சு."